ஐந்து கிலோவுக்குள் ஒரு சைக்கிள்

லேத்துக்காரரின் மனைவிக்கு ஊரில் தபாலம்மா என்று பெயர். பதினெட்டு வருஷம் சைக்கிளில் போய் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவள். அவள் மணி அடிக்கவே மாட்டாள். "மணி அடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆள் அடுத்த தெருவுல இருப்பா, அப்புறம் அது எதுக்கு?" என்று லேத்துக்காரர் பெருமையாகச் சொல்லுவார்.

அவர் பம்புகளுக்கு உதிரிப் பாகம் கடைகிற பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். பேச்சு குறைவு. வீட்டில் இவர்கள் இரண்டே பேர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடவுளைக் கும்பிட்டு முடித்த கையோடு இரண்டு பேரும் ஆளுக்கொரு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைச் சாலைக்குப் போய்விடுவார்கள். வளைந்த கைப்பிடி போட்ட பந்தய சைக்கிள்கள். வாரம் முழுக்க மூட்டையோடு மிதித்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது கால் ஓயக் கூடாதா என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அவளுக்கோ மூட்டையில்லாமல் மிதிப்பதுதான் ஓய்வு.

லேத்துக்காரர் எப்போதும் பின்னால்தான் போவார். முன்னால் போக விட்டால்தானே! அவர் தாண்டினால் அவளுக்குப் பொறுக்காது. பத்து மிதியில் தாண்டிவிட்டு, திரும்பி ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அதனால் அவர் முந்துவதையே விட்டுவிட்டார். குனிந்த முதுகும் காற்றில் உப்பிய சட்டையும் முன்னால் போய்க்கொண்டிருக்க, அதைப் பார்த்தபடியே அவர் மிதிப்பார். வலப்பக்கம் தண்ணீர், இடப்பக்கம் மரங்கள். அவர் இரண்டையும் சரியாகப் பார்த்ததில்லை.

ஒரு மழை நாளில், ஒரு வீட்டின் மாடிப்படியில் பார்சலோடு ஏறும்போது அவள் கால் வழுக்கியது. சைக்கிளில் ஒரு நாளும் விழாதவள், படியில் விழுந்தாள். முதுகெலும்பில் விரிசல். அறுவை செய்து இரண்டு கம்பியும் ஆறு திருகாணியும் வைத்துத் தைத்தார்கள். உயிரோடு, நடக்கிற காலோடு வீட்டுக்கு வந்ததே ஆண்டவன் போட்ட பிச்சை. லேத்துக்காரர் அதை ஒரு நாளும் மறக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்னார்: "ஒரு வருஷம் போகட்டும்மா, மெதுவா சைக்கிள் கூட ஓட்டலாம். ஆனா ஒண்ணு. இனிமே கையால அஞ்சு கிலோவுக்கு மேல எதையும் தூக்கக் கூடாது. என்னைக்குமே."

அலுவலகத்தில் அவளுக்கு உட்கார்ந்து முத்திரை குத்துகிற வேலை கொடுத்தார்கள். ஜன்னல் ஓரத்து முக்காலி. காலை ஒன்பது மணிக்குத் தபால்காரர்கள் எல்லாம் மூட்டையை மாட்டிக்கொண்டு கலகலவென்று கிளம்புவார்கள். அந்தச் சத்தம் அடங்குகிற வரைக்கும் அவள் முத்திரையைக் கையில் பிடித்தபடி சும்மா இருப்பாளாம். கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் இதை லேத்துக்காரரிடம் சொன்னார். கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வருஷம் ஆனதும் அவர் மெல்ல ஆரம்பித்தார். "ஞாயித்துக்கிழமை ஏரிக்கரைக்குப் போலாமா? மெதுவா."

"மூணு மாடி யாரு இறக்குறது?"

அது நியாயமான கேள்வி. அவர்கள் இருந்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கீழே வைத்த சைக்கிள் இரண்டு நாள் நின்றதாகச் சரித்திரம் இல்லை. அவளுடைய இரும்பு சைக்கிள் பதினோரு கிலோ. கூடத்துச் சுவரில் கொக்கி போட்டு மாட்டியிருந்தது.

"நான் எதுக்கு இருக்கேன்? நான் இறக்கித் தர்றேன்."

"இறக்கித் தருவீங்க. திரும்ப வந்ததும் கீழ நின்னுக்கிட்டு, என்னங்க, என்னங்கன்னு கூப்பிடணும். நீங்க பட்டறையில இருந்தா உங்களுக்காகக் காத்துக் கிடக்கணும். எனக்குத் தோணுற நேரத்துல நானா எடுத்துக்கிட்டுப் போகணுங்க. இல்லன்னா வேண்டாம்."

அவர் விடவில்லை. அடுத்த வாரமும் கேட்டார், அதற்கடுத்த வாரமும் கேட்டார். ஒரு நாள் அவளுக்குச் சலிப்பு வந்துவிட்டது. "அஞ்சு கிலோவுக்குள்ள ஒரு சைக்கிள் கொண்டாங்க. ஓட்டுறேன். அதுவரைக்கும் என்னை விட்டுடுங்க."

அவர் வாயை மூடுவதற்காகத்தான் சொன்னாள். அவர் வாயும் மூடித்தான் போனது. ஆனால் மறுநாளே பட்டறையிலிருந்து ஒரு சின்னத் தராசைக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தார்.

கடையில் விற்கிற நல்ல பந்தய சைக்கிளே ஏழு கிலோவுக்குக் குறையாது. ஐந்து என்றால் ஒவ்வொரு சாமானையும் யோசித்து யோசித்துச் செய்ய வேண்டும். ஃபிரேம் இரும்பில் ஆகாது, அலுமினியத்திலும் ஆகாது. கார்பன் குழாய்தான் வேண்டும். கார்பன் வேலை தெரிந்தவர் என்று விசாரித்துப் போனால், அவர் செயற்கைக் கால் செய்கிறவர். ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் அவர் கூடம். சுவர் முழுக்க கால்களாக வரிசை கட்டி நின்றன. கறுப்புத் துணி போல இருக்கிற கார்பனைப் பசையில் தோய்த்து, அச்சில் சுற்றி, அடுப்பில் வேகவைத்து எடுப்பார். எடுத்ததைக் கையில் வாங்கினால் காகிதம் போல இருக்கும். ஆள் ஏறி நின்றாலும் உடையாது.

விஷயத்தைக் கேட்டதும் கால் செய்கிறவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஆளைக் கூட்டிட்டு வாங்க, அளவு எடுக்கலாம்" என்றார்.

"எதுக்கு? இருபது வருஷமா என் கண்ணு முன்னால இருக்கா. அவ அளவு எனக்குத் தெரியாதா?"

"அதுவும் சரிதான்" என்று அவர் விட்டுவிட்டார்.

லேத்துக்காரர் பழைய சைக்கிளைச் சுவரிலிருந்து இறக்கி ஒரு ஒட்டுப்பலகை மேல் படுக்கவைத்தார். சீட் எங்கே, ஹேண்டில்பார் எங்கே, பெடல் எங்கே என்று பென்சிலால் கோடு போட்டார். ஒரு நூல் பிசகவில்லை. அந்தப் பலகைதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். சனிக்கிழமை மதியம் பட்டறை முடிந்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு கால் கூடத்துக்குப் போய்விடுவார். குழாய்களின் வாயை ஒன்றோடொன்று கவ்வுகிற மாதிரி அரம் போட்டுச் சீவ வேண்டும். பலகைக் கோட்டின் மேல் நிறுத்தி ஒட்ட வேண்டும். மூட்டுகளில் கார்பன் துணியைப் பட்டை பட்டையாகச் சுற்றி, பசையை அழுத்தி வெளியேற்ற வேண்டும். பசை மிஞ்சினால் எடை, குறைந்தால் ஆபத்து. முதல் மூன்று மூட்டுகள் அடுப்பிலிருந்து காற்றுக் கொப்புளத்தோடு வந்தன. நாலாவதை வெளியே எடுத்ததும் கால் செய்கிறவர் விரல் நகத்தால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, "இது நிக்கும்" என்றார்.

வீட்டில் தராசு ஓயவில்லை. ஒவ்வொரு திருகாணியும் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடை பார்த்துக்கொண்டுதான் போனது. இரும்புத் திருகாணி ஐந்து கிராம் என்றால் டைட்டானியத்தில் மூன்று. சீட்டில் மெத்தையே இல்லை, வெறும் ஓடு. பெயின்ட் கூடாது, பெயின்ட்டுக்கே எண்பது கிராம் போய்விடும். முன்னால் பல்சக்கரம் இரண்டு எதற்கு, ஒன்று போதும். பிரேக்கில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. "நிக்கிறதுக்கு உள்ளதுல கஞ்சத்தனம் பண்ணினா கடவுள் மன்னிக்க மாட்டார்" என்பார்.

அவள் தங்கை அடுத்த தெருவில்தான் இருந்தாள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து அக்கா முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டுப் போவாள். போகிற போக்கில் மாமாவை ஒரு வாங்கு வாங்காமல் போக மாட்டாள்.

"அக்கா, உன் மூக்குக்கண்ணாடியைப் பத்திரமா வச்சுக்க. மாமா அதையும் ஓட்டை போட்டு எடை குறைச்சிடப் போறார்."

"உன் நாக்கைத்தான் முதல்ல கொஞ்சம் அரம் போட்டுக் குறைக்கணும்" என்பார் லேத்துக்காரர்.

"அது அஞ்சு கிலோவுக்கு மேல மாமா, உங்க தராசு தாங்காது!"

தபாலம்மா சிரிப்பாள். சிரிக்கும்போதும் அந்த முதுகு அசையாது. ஒரு நாள் அவர் ஒரு திருகாணியை உள்ளங்கையில் வைத்து அவளிடம் காட்டினார். "பாரு, டைட்டானியம். உன் முதுகுல வச்சிருக்கிற அதே உலோகம்."

அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இவ்வளவு சின்னதா?" என்றாள். பிறகு எதையோ எதிர்பார்த்தவள் போல அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் திருகாணியைத் திரும்ப வாங்கித் தராசில் போட்டார்.

இரண்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆயிற்று. முதல் தடவை எல்லாவற்றையும் பூட்டித் தொங்கவிட்டபோது ஐந்து கிலோ முந்நூறு. அவர் மனம் தளரவில்லை. சீட் கம்பியின் உள்ளே மறைந்திருக்கிற பகுதியை வெட்டினார். ஹேண்டில்பார் மேல் சுற்றிய பஞ்சுப் பட்டையை எடுத்துவிட்டு மெல்லிய துணி சுற்றினார். பந்தயத்துக்குப் போகிற ஒருவரிடமிருந்து இலேசான சக்கரங்களை வாங்கி மாட்டினார். கடைசியில் நாலு கிலோ எண்ணூற்று எழுபது. தாங்குமா என்று பார்க்க, பட்டறைத் தெருவில் தானே ஏறி, மேட்டிலும் பள்ளத்திலும் குதிக்கவிட்டு ஓட்டினார். எண்பது கிலோ உடம்பு அந்தச் சின்ன சைக்கிளில் குனிந்து போனதைப் பார்த்து முதலாளி, "சர்க்கஸ்ல கரடி போற மாதிரியே இருக்குய்யா" என்றார். சைக்கிள் முனகக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கும்பிட்டு முடித்ததும் சைக்கிளைக் கூடத்தில் நிறுத்தினார். கறுப்பாக, எழுத்து ஒன்றும் இல்லாமல், துடைத்துவிட்ட கரும்பலகை போல இருந்தது. தபாலம்மா ஒரு கையால் குழாயைப் பிடித்துத் தூக்கினாள். கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கியதால் கை தோளுக்கு மேலே போய்விட்டது.

"அய்யோ" என்றாள். கண் கலங்கியது.

அவளே தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். அவர் வெறுங்கையோடு பின்னால் வந்தார். அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது மாடிக்காரர் கதவைத் திறந்து, "என்ன தபாலம்மா, சைக்கிளா, குடையா அது?" என்றார். "மழை வந்தா விரிச்சுக்குவேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கினாள். அவ்வளவு கலகலப்பாக அவள் பேசிக் கேட்டு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

தெருவில் சைக்கிளைச் சாய்த்து ஏறி உட்கார்ந்தாள். ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஹேண்டில்பாரைப் பிடிக்கக் கையை நீட்டினாள். எட்டவில்லை. விரல் நுனிதான் தொட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை குனியப் பார்த்தாள். கம்பி வைத்த முதுகு எங்கே வளையும்? முகம் சுருங்கிப் போனது. மூன்றாவது தடவை அவள் முயலவில்லை.

"இது யாரோட அளவுங்க?"

"உன்னோடதுதான். பழைய சைக்கிளை வச்சுத்தான் எடுத்தேன். ஒரு நூல் கூட..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு திருகாணியையும் மூன்று தடவை எடை பார்த்தவர், ஒரே சமையலறையில் நாலு முழ தூரத்தில் இருந்த மனைவியை ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை. ஏரிக்கரையில் குனிந்து பறந்தாளே ஒருத்தி, அவளுக்குச் செய்திருக்கிறார். இரண்டு வருஷமாக ராப்பகலாக அவர் நினைத்து ஏங்கியது அவளைத்தான். வீட்டில் இருக்கிறவள் நேராக நிற்கிறவள், நேராகவே உட்காருகிறவள்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாடியும் ஏறினாள். மேலே வந்து கொக்கியில் மாட்டினாள். பிறகு அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து நீங்க என் முதுகைப் பார்க்கவே இல்ல. தைலம் தேய்க்கத் தங்கச்சி வர்றா. நான் சட்டை மாத்தினா நீங்க எழுந்து வெளிய போறீங்க. உங்களுக்கு அருவருப்போன்னு நினைச்சுக்கிட்டேன்."

"அருவருப்பா?" என்றார் அவர். "பயம்மா. கை பட்டா வலிக்குமோன்னு. அப்புறம்... பார்த்தா, அது நெசம்னு ஆயிடுமேன்னு."

"அது நெசந்தாங்க" என்றாள் தபாலம்மா. "டேப்பைக் கொண்டாங்க."

அவர் டேப்பை எடுத்து வந்தார். அவள் நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார்ந்து முதுகை அவருக்குக் காட்டினாள். கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரைக்கும் தையல் தழும்பு, மேடாக, இளஞ்சிவப்பாக ஓடியது. அவர் அதை முதல் தடவையாகப் பார்த்தார். டேப்பின் நுனியை மேலே வைத்தபோது விரல் தழும்பில் பட்டது. சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"வலிக்கல" என்றாள் அவள். "வைங்க."

கழுத்திலிருந்து இடுப்பு, தோளிலிருந்து மணிக்கட்டு, இடுப்பிலிருந்து குதிகால். பழைய சைக்கிளுக்கு அளவு எடுத்த காலத்தைவிட அவள் ஒரு விரலளவு குள்ளமாகவே ஆகியிருந்தாள். எழுதி முடித்த பிறகும் டேப்பைச் சுருட்டாமல் அவர் அங்கேயே நின்றார். அவளும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கொழுந்தியாள் வந்து கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஹேண்டில்பாரை உயர்த்தி, கிட்ட வர்ற மாதிரி ஒரு துண்டு வச்சா ஆச்சு. இதுக்குப் போய்!"

அதையும் அவர் செய்து பார்த்தார். கடைந்து வைத்த துண்டு நூற்றுத் தொண்ணூறு கிராம். மொத்தம் ஐந்து கிலோ அறுபது.

"அறுபது கிராம்தானே மாமா? அக்கா வளையலைக் கழட்டி வச்சுட்டுத் தூக்கட்டும்."

"அஞ்சுன்னா அஞ்சுதான்" என்றார் அவர். பலகையின் மறுபக்கத்தில் புதுக் கோடு போட்டார்.

இந்தத் தடவை தபாலம்மாவும் கால் கூடத்துக்குப் போனாள். கால் செய்கிறவர் அவளைப் பெட்டி மேல் உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி, மடக்கச் சொல்லி, தானும் ஒரு தடவை பார்த்தார். "குட்டை ஃபிரேம்மா, குழாய் நீளம் குறையும். துண்டு வைக்கிற எடை அதுலேயே கழிஞ்சு போயிடும்" என்றார். போன தடவையே ஆளைக் கூட்டிவரச் சொன்னதை அவர் சொல்லிக் காட்டவில்லை. நல்ல மனுஷர். லேத்துக்காரர் பழைய ஃபிரேமிலிருந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியதில் பூட்டினார். நாலு மாதத்தில் முடிந்தது. நாலு கிலோ தொள்ளாயிரத்துப் பத்து. பார்க்கப் பந்தய சைக்கிள் மாதிரியே இல்லை. ஹேண்டில்பார் உயர்ந்து, கிட்டே வந்து, கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் கொக்கியில் மாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று இருந்தார். வியாழக்கிழமை கும்பிடும்போது நல்ல வெயில் வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். ஏரிக்கரையில் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிறுத்தித் தண்ணீர் குடிக்கலாம் என்று லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணக்குப் போட்டார்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். கொக்கி காலியாக இருந்தது.

முதலில் திருட்டு என்றுதான் நினைத்தார். அப்புறம் பார்த்தால் அவள் செருப்பும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு அலுவலகம் அரை நாள். படபடவென்று கீழே ஓடினார். இரண்டாவது மாடிக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "தபாலம்மாவா? போயி ஒரு மணி நேரம் இருக்கும். மணி கூட அடிக்கல" என்றார்.

லேத்துக்காரர் தெரு முனையில் போய் நின்றார். கோபம் இல்லை. இரண்டரை வருஷமாக, அவள் முதன்முதலாகக் கிளம்புகிற அந்தக் காட்சியைத்தான் அவர் மனசில் வைத்து வைத்துப் பார்த்திருந்தார். அது அவர் இல்லாமலே நடந்து முடிந்துவிட்டது. எனக்குத் தோணுற நேரத்துல நானா எடுத்துக்கிட்டுப் போகணும் என்று அவள் சொன்னது அன்றைக்கு அவர் காதில் ஏறியதே தவிர, அதில் தான் இருக்க மாட்டோம் என்பது அவருக்கு எட்டவில்லை. வேண்டிக்கொண்டதைத்தான் கடவுள் கொடுத்திருக்கிறார். ஆனாலும் நெஞ்சு கேட்கவில்லை.

வெயிலில் அரை மணி நின்ற பிறகு அவள் வந்தாள். மெதுவாக, நிமிர்ந்து, முக்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே வந்தாள். பறக்கவில்லை. ஒரு நடைக்காரர் கொஞ்சம் எட்டிப் போட்டால் தாண்டிவிடலாம். முகமெல்லாம் வேர்வை. அவரைப் பார்த்ததும் காலை ஊன்றி இறங்கினாள்.

"சாப்பிடலையா நீங்க?"

"எங்க போன?"

"சும்மா. என் பழைய தெருவெல்லாம் ஒரு சுத்து. அந்த மூலை வீட்டு நாய்க்கு இன்னும் என்னை அடையாளம் தெரியுதுங்க."

"ஏரிக்கரைக்கு..."

"அவ்வளவு தூரம் இன்னும் முடியாது." அவள் சைக்கிளைத் தோளில் மாட்டினாள். "முடியும்போது சொல்றேன்."

படி ஏற ஆரம்பித்தார்கள். முதல் மாடி வரைக்கும் ஒரே மூச்சில் ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, சைக்கிளைச் சுவரில் சாய்த்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவர் இரண்டு படி கீழே நின்றார். வலது கை தானாக நீண்டது. நீண்டதைப் பின்னால் கொண்டுபோய் இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"நீங்க முன்னால போயிக் கதவைத் திறந்து வைங்க" என்றாள்.

அவர் சுவரோரமாக அவளைத் தாண்டி மேலே போனார். கதவை விரியத் திறந்து, நாற்காலியை வழியிலிருந்து நகர்த்தினார். பிறகு வாசலிலேயே நின்று, கீழே ஒவ்வொரு படியாக வருகிற காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.